ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... ஆனாலும் பாதம் எரியுதா? - வலியின் காரணத்தைத் தேடும் உணர்வு நரம்புப் பரிசோதனை!

"ராத்திரியானா போதும், ரெண்டு பாதமும் தகதகன்னு எரியுது. ஃபேன் காத்து படுற மாதிரி காலை நீட்டிக்கிட்டுதான் படுக்கிறேன்."

"போர்வை பட்டாக்கூட வலிக்குது. ஆனா, நடக்கும்போது செருப்பு கழண்டு போனது தெரிய மாட்டேங்குது!"

சர்க்கரைநோய் உள்ளவர்கள், முதுகுவலிக்காரர்கள், அக்கி வந்து ஆறியவர்கள், கீமோதெரபி முடித்தவர்கள் என்று பலரது வீடுகளில் கேட்கும் பேச்சு இது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ரத்தப் பரிசோதனை முடிந்தது. கையிலும் காலிலும் லேசாக ஷாக் கொடுத்துப் பார்க்கும் நரம்பு டெஸ்ட்டும் செய்தாயிற்று. எல்லாவற்றிலும் வந்த பதில் ஒன்றுதான்... 'நார்மல்'.

அதற்குப் பிறகு இன்னொரு வலி ஆரம்பிக்கிறது. "டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார். நீங்க அதையே நெனச்சுக்கிட்டு இருக்கறதாலதான் வலிக்குது" என்று வீட்டில் சொல்லத் தொடங்குகிறார்கள். நாளாக ஆக, வலி உள்ளவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. 'நிஜமாவே வலிக்குதா, இல்ல என் பிரமையா?'

இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் தெளிவான பதில் இருக்கிறது. ரிப்போர்ட் நார்மல் என்பதும் உண்மையாக இருக்கலாம். வலி இருக்கிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால், வழக்கமாகச் செய்யப்படும் நரம்பு டெஸ்ட் எல்லா நரம்பிழைகளையும் பரிசோதிப்பதில்லை. வலியைச் சுமந்து செல்லும் இழைகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. அந்த இழைகளைத் தேடிப்போகும் பரிசோதனைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நரம்பு ஒன்று... உள்ளே இழைகள் பல!

நரம்பு என்றதும் ஒற்றை ஒயர் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பல இழைகளைக் கொண்ட கட்டு. ஒவ்வொரு வகை இழைக்கும் ஒவ்வொரு வேலை.

முதல் வகை, தடிமனான இழைகள். இவற்றின் மேல் கொழுப்பாலான உறை நன்றாகச் சுற்றியிருக்கும். மென்மையான தொடுதல், அதிர்வு, 'கால் எந்த நிலையில் இருக்கிறது' என்ற தகவல் ஆகியவற்றை இவை கொண்டு செல்கின்றன. வேகம், விநாடிக்கு சுமார் 35 முதல் 75 மீட்டர்.

இரண்டாவது வகை, மெல்லிய உறையுள்ள சிறிய இழைகள். குளிர்ச்சி, ஊசி குத்துவது போன்ற சுருக்கென்ற வலி ஆகியவை இவற்றின் பொறுப்பு. வேகம், விநாடிக்கு சுமார் 5 முதல் 30 மீட்டர்.

மூன்றாவது வகை, உறையே இல்லாத மிகச் சிறிய இழைகள். வெதுவெதுப்பு, எரிச்சல், அமுக்குவது போன்ற மந்தமான வலி ஆகியவற்றை இவை எடுத்துச் செல்கின்றன. வேகம், விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரைதான். நாம் நடக்கும் வேகம்!

இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. 'அப்பாடா' என்று மூச்சுவிடுவதற்குள் விண்விண்ணென்று இரண்டாவது வலி வந்து சேரும். அடி ஒன்றுதான். ஆனால், இரண்டாவது வகை இழை அந்தச் செய்தியை நொடியின் சிறு பகுதிக்குள் முதுகுத்தண்டுக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. மூன்றாவது வகை ஆடி அசைந்து வந்து சேர ஏறக்குறைய ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறது.

மிளகாய் சொன்ன ரகசியம்!

பச்சை மிளகாய் அரிந்த கை ஏன் எரிகிறது? அங்கே நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும், சுட்டதுபோலவே எரிகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் இதற்கு விடை கண்டுபிடித்தது. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருளுக்கும், சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டுக்கும், நரம்பு முனையில் இருக்கும் ஒரே வாயில்தான் திறக்கிறது. அதன் பெயர் டி.ஆர்.பி.வி-1. மிளகாய் பட்டாலும் அடுப்பு சுட்டாலும் மூளைக்குப் போகும் செய்தி ஒன்றுதான்... 'எரியுது!'

அழுத்தத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களைக் கண்டறிந்தவர் ஆர்டெம் பட்டபூட்டியன். இருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதில் நமக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. மூளை நேரடியாகப் பாதத்தைப் பார்ப்பதில்லை. இழை சொல்வதைத்தான் நம்புகிறது. அந்த இழையே பழுதாகி, சூடு இல்லாதபோதும் 'சூடு' என்று செய்தி அனுப்பினால், பாதம் நிஜமாகவே எரியும். தொட்டுப் பார்ப்பவருக்கு அது சாதாரணமாக இருக்கும். எரிகிறவருக்கு அது நெருப்பு.

ஷாக் டெஸ்ட் எதைப் பார்க்கிறது... எதைப் பார்ப்பதில்லை?

என்.சி.வி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நரம்பு டெஸ்ட்டில், தோலின் மேல் லேசான மின்சாரம் கொடுத்து, அந்தச் சமிக்ஞை எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். கை மரத்துப்போவதற்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது காரணமா, சர்க்கரைநோயால் கால் நரம்புகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்றெல்லாம் அறிய அது மிகவும் தேவையான டெஸ்ட். அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால், அது பதிவு செய்வது முதல் வகையான தடித்த இழைகளின் சமிக்ஞையை மட்டுமே. சிறிய இழைகளின் சமிக்ஞை மெதுவாகவும் மிகச் சன்னமாகவும் வருவதால் இந்த முறையில் பதிவாவதில்லை. ஆகவே, சிறிய இழைகள் மட்டும் பழுதான ஒருவருக்கு என்.சி.வி ரிப்போர்ட் 'நார்மல்' என்று வருவதில் ஆச்சர்யமே இல்லை.

இந்த நிலைக்கு 'ஸ்மால் ஃபைபர் நியூரோபதி' என்று பெயர். தமிழில் நுண்ணிழை நரம்பு பாதிப்பு எனலாம். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்தல், சூடு - குளிர்ச்சி சரியாகத் தெரியாமல் போவது ஆகியவை இதன் அடையாளங்கள். சர்க்கரைநோயில் பல நேரங்களில் இந்த இழைகள்தாம் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகின்றன. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய் இருக்கிறது. இந்த விஷயம் எத்தனை வீடுகளுக்குத் தேவைப்படும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பரிசோதனை அறையில் என்ன நடக்கும்?

உணர்வு நரம்புகளை அளக்கும் பரிசோதனைக்கு 'குவான்டிடேட்டிவ் சென்சரி டெஸ்டிங்' என்று பெயர். சுருக்கமாக கியூ.எஸ்.டி. எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர், எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் ஒருவருக்கு உணர்வு தெரிகிறது, எந்த அளவில் அது வலியாக மாறுகிறது என்பதை எண்களாகக் குறித்துக்கொள்வதுதான் இதன் அடிப்படை.

இதை ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்ததை மாற்றி, ஜெர்மனியின் நரம்புவலி ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஒரே ஒழுங்குக்குக் கொண்டு வந்தது. 2006-ல் வெளியான அந்த முறையில் 7 பரிசோதனைகள், 13 அளவுகள். ஆரோக்கியமான 180 பேரிடம் செய்து பார்த்து, எது இயல்பு என்பதற்கான அளவுகோலையும் உருவாக்கினார்கள். உடலின் ஓர் இடத்தைச் சோதிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வலிக்கிற இடத்தையும் வலி இல்லாத இடத்தையும் சோதித்து ஒப்பிடுவார்கள்.

வரிசையாகப் பார்ப்போம்.

சூடு, குளிர்: தோலின் மேல் சிறிய தகடு ஒன்றை வைப்பார்கள். அது 32 டிகிரியில் இருக்கும். அங்கிருந்து விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும். 'சில்லுனு இருக்கு' என்று தோன்றியதும் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். அடுத்து இதேபோல் சூடு. பிறகு, குளிர் எப்போது வலியாகிறது, சூடு எப்போது வலியாகிறது என்று பார்ப்பார்கள். தோலுக்குக் காயம் ஏற்படாதபடி 0 டிகிரிக்குக் கீழேயும் 50 டிகிரிக்கு மேலேயும் தகடு போகாது. குளிர்ச்சியைக் கொடுக்கும்போது 'சூடா இருக்கு' என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் குறித்துக்கொள்ளப்படும் ஒரு முக்கியத் தகவல்தான்.

தொடுதல்: தடிமன் வேறுபடும் மெல்லிய இழைகளால் தோலைத் தொடுவார்கள். எந்த இழை பட்டால் தெரிகிறது என்பது கணக்கு.

குத்தல்: தோலைத் துளைக்காத, குறிப்பிட்ட எடை கொண்ட மொட்டையான ஊசிகளால் குத்திப் பார்ப்பார்கள். ரத்தம் வராது. எந்த எடையில் 'சுருக்' என்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று நாம் மதிப்பெண் சொல்ல வேண்டும்.

வருடல்: பஞ்சு, காது குடையும் பட்ஸ், மென்மையான பிரஷ் ஆகியவற்றால் வருடுவார்கள். ஆரோக்கியமான தோலுக்கு இது வலிக்கவே கூடாது.

தொடர் குத்தல்: ஒரே ஊசியால் ஒருமுறை குத்தினால் எவ்வளவு வலி, விநாடிக்கு ஒன்று வீதம் 10 முறை குத்தினால் எவ்வளவு வலி என்று ஒப்பிடுவார்கள்.

அதிர்வு: இசைக்கவை எனப்படும் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி, எலும்பு மேட்டில் வைத்து, அதிர்வு நின்றுபோனது எப்போது என்று கேட்பார்கள்.

அழுத்தம்: தசையின் மேல் சிறிய கருவியை வைத்து மெதுவாக அழுத்தி, வலி ஆரம்பிக்கும் அளவைக் குறிப்பார்கள்.

அதிர்வு குறைந்திருந்தால் தடித்த இழை. குளிர்ச்சி தெரியாவிட்டால் இரண்டாவது வகை. வெதுவெதுப்பு தெரியாவிட்டால் மூன்றாவது வகை... இப்படி எந்த இழை தடுமாறுகிறது என்பது தெரிய ஆரம்பிக்கும்.

குதிரை முடியிலிருந்து வேலூர் வரை...

இந்தப் பரிசோதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாக்சிமிலியான் ஃபான் ஃப்ரை என்ற உடலியல் அறிஞர் மனித முடி, குதிரை முடி ஆகியவற்றைக் குச்சிகளில் ஒட்டி, தோலின் தொடு உணர்வை அளந்தார். இன்றும் அந்த இழைகள் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. பின்னர், மூளையில் காயம்பட்டவர்களின் தொடு உணர்வை ஆராய்ந்த ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டீன் ஆகியோர் முடிக்குப் பதிலாக நைலான் இழைகளைப் பயன்படுத்தினார்கள். சர்க்கரைநோய் கிளினிக்கில் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் இழை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

உணர்வை இழந்தால் என்ன ஆகும் என்பதை உலகுக்குச் சொன்னதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவைசிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோயே அரித்துத் தின்றுவிடுகிறது என்று நம்பப்பட்ட காலம் அது. காரணம் அதுவல்ல; வலி தெரியாததால் சுட்டுக்கொள்வதும் வெட்டுப்படுவதும் உறைக்காமல், காயம் மேல் காயம் சேர்ந்துதான் விரல்கள் சிதைகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். தொழுநோயில் உணர்வு குறைவதை முன்கூட்டியே கண்டறிய நைலான் இழைகள் இன்றும் உதவுகின்றன.

வலி தெரியாமல் போவது எவ்வளவு ஆபத்தோ, தேவையில்லாமல் வலித்துக்கொண்டே இருப்பதும் அவ்வளவு கொடுமை. நாள்பட்ட நரம்பு வலியில் இரண்டும் ஒரே பாதத்தில் சேர்ந்திருக்கும் என்பதுதான் விசித்திரம்.

மரத்தும் போகுது... எரியவும் செய்யுது. எப்படி?

"உணர்ச்சியே இல்லைங்கறீங்க, அப்புறம் எப்படி வலிக்கும்?" - நோயாளிகள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. பதில் எளிது. பழுதான இழை வெளியிலிருந்து வரும் செய்தியைச் சரியாகக் கடத்தாது. அதனால் மரத்துப்போகிறது. அதே இழை, யாரும் தொடாதபோதும் தானாகவே சமிக்ஞையை வெளியிடலாம். அதனால் எரிகிறது. பழுதான டெலிபோன் லைனில் எதிர்முனைப் பேச்சு கேட்காது. ஆனால் 'கரகர' சத்தம் மட்டும் ஓயாமல் வரும் அல்லவா... அப்படித்தான்.

கியூ.எஸ்.டி இந்த இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. உணர்வு குறைந்திருக்கிறதா? உணர்வு அளவுக்கு மீறிக் கூடியிருக்கிறதா?

பஞ்சால் வருடினாலே வலிப்பதற்கு 'அலோடினியா' என்று பெயர். போர்வை பட்டால் வலிக்கிறது, சேலை உரசினால் எரிகிறது என்பதெல்லாம் இதுதான். தொடர் குத்தலில் வலி மளமளவென்று ஏறுவது இன்னோர் அடையாளம். இவை இரண்டும், முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்பு மண்டலம் வலிச் செய்தியைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கலாம் என்று காட்டுகின்றன. திருவிழா மைக் செட்டில் சவுண்டை முழுதாகக் கூட்டி வைத்துவிட்டால், மைக்கை லேசாகத் தொட்டாலே ஊர் முழுக்கக் கேட்கும் அல்லவா? தொட்டவர் மேல் தவறில்லை; சவுண்டு கூடியிருக்கிறது.

உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள், அதிலும் பெண்கள், அதிகமாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள். 2013-ல் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வில், இவர்கள் 27 பேரின் காலிலிருந்து சிறு துளி தோலை எடுத்துச் சோதித்தார்கள். 41 சதவிகிதத்தினரின் தோலில் நுண்ணிழைகள் குறைந்திருந்தன. நோய் இல்லாதவர்களிடம் அது 3 சதவிகிதம்தான். ஃபைப்ரோமயால்ஜியா முழுவதுமே நுண்ணிழைப் பிரச்னை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால், 'எல்லாம் மனசுதான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது என்பதற்கு இது வலுவான சான்று.

இந்தத் தோல் பரிசோதனையில், கணுக்காலுக்குச் சற்று மேலே மரத்துப்போக ஊசி போட்டு, 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தோல் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் நுண்ணிழைகளை எண்ணுவார்கள். கியூ.எஸ்.டி இழைகள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லும். இது எத்தனை இழைகள் மிஞ்சியிருக்கின்றன என்று சொல்லும்.

தெரிந்துகொண்டு என்ன பயன்?

ஒரே நோய்ப் பெயர் கொண்ட இருவருக்கு வலியின் வழி வேறாக இருக்கலாம். 2017-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், நரம்பு வலியுள்ள 902 பேரின் கியூ.எஸ்.டி அளவுகளை அலசி மூன்று வகையாகப் பிரித்தார்கள். உணர்வு குறைந்தவர்கள் 42 சதவிகிதம். சூடு, குளிருக்கு அதிகமாக வலிப்பவர்கள் 33 சதவிகிதம். குத்தல், தொடுதலுக்கு அதிகமாக வலிப்பவர்கள் 24 சதவிகிதம். சர்க்கரைநோயா, அக்கியா, அடிபட்டதா என்ற காரணம் எதுவாக இருந்தாலும், இந்த மூன்று வகையினரும் இருந்தார்கள்.

டென்மார்க்கில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு ஒரு படி மேலே போனது. ஆக்ஸ்கார்பசெபின் என்ற வலிப்பு நோய் மருந்தை நரம்பு வலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு முனைகள் சாகாமல் எரிச்சலுற்ற நிலையில் இருப்பவர்களில், சுமார் 4 பேருக்குக் கொடுத்தால், போலி மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைந்தது. மற்ற வகையினரில் 13 பேருக்குக் கொடுத்தால்தான் ஒருவருக்கு அந்தப் பலன். பின்னர் வேறு மருந்துகளை வைத்து நடந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும், 'இந்த மாத்திரை பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, எனக்கு ஏன் கேட்கவில்லை' என்ற கேள்விக்கு விடை எங்கே இருக்கலாம் என்று இது காட்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நரம்பு வலிக்கு டாக்டர்கள் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் போன்ற மாத்திரைகளை எழுதுவதுண்டு. கூகுளில் தேடினால் 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று வரும். 'டாக்டரும் என்னை மனநோயாளின்னு நெனச்சுட்டார்' என்று மனம் நொந்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. உண்மையில், மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வந்து வலியைக் கட்டுப்படுத்தும் பாதையை இந்த மருந்துகள் பலப்படுத்துகின்றன. அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இது வலியை அளக்கும் மீட்டர் அல்ல!

கியூ.எஸ்.டி-க்கும் எல்லைகள் உண்டு. இதில் பதில் சொல்வது இயந்திரமல்ல, நோயாளி. அவருடைய கவனம், களைப்பு, தூக்கமின்மை எல்லாம் முடிவை மாற்றும். வயது, உடலின் இடம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் அளவுகள் மாறும்.

தோலிலிருந்து மூளை வரையுள்ள முழுப் பாதையும் இதில் சோதிக்கப்படுகிறது. கோளாறு காலிலா, முதுகுத்தண்டிலா, மூளையிலா என்று இந்த டெஸ்ட் மட்டுமே சொல்லிவிடாது. டாக்டரின் நேரடிப் பரிசோதனையுடன் சேர்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். ஒருவர் வலிப்பதாக நடிக்கிறார் என்று நிரூபிக்கவும் இதைப் பயன்படுத்த முடியாது. இதிலும் 'நார்மல்' வந்தால், வலி பொய்யாகிவிடாது.

கருவிகள் விலை அதிகம், நேரமும் பிடிக்கும் என்பதால் முழுமையான கியூ.எஸ்.டி பெரும்பாலும் ஆராய்ச்சி மையங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும்தான் நடக்கிறது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பஞ்சு, பல் குத்தும் குச்சி, ட்யூனிங் ஃபோர்க், வெந்நீரும் தண்ணீரும் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருந்தால், ஒரு டாக்டர் சில நிமிடங்களிலேயே பல தகவல்களைத் திரட்டிவிட முடியும். "டாக்டர், சூடு - குளிர்ச்சி தெரியுதான்னும் பார்க்கறீங்களா?" என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

'கால் வலிக்குது' என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. நம் பேச்சுத் தமிழில் வலிக்கு எத்தனை வார்த்தைகள்! எரியுது, குத்துது, மதமதங்குது, சுருக் சுருக்குங்குது, எறும்பு ஊருது, கரன்ட் அடிக்குது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு... இவை ஒவ்வொன்றும் மருத்துவருக்குத் துப்பு.

2005-ல் பிரான்ஸில் உருவாக்கப்பட்ட 'டி.என்-4' என்ற கேள்வித்தாள் இதைத்தான் பயன்படுத்துகிறது. எரிச்சல், வலிக்கும் அளவுக்குக் குளிர்ச்சி, கரன்ட் அடிப்பது, ஜிவ்வென்ற கூச்சம், ஊசி குத்தல், மரத்துப்போதல், அரிப்பு என நோயாளி சொல்லும் 7 விஷயங்கள். தொடுதல் குறைந்திருக்கிறதா, குத்தல் குறைந்திருக்கிறதா, வருடினால் வலிக்கிறதா என டாக்டர் சோதிக்கும் 3 விஷயங்கள். பத்தில் நான்கு அல்லது அதற்கு மேல் 'ஆமாம்' என்றால், அது நரம்பு சார்ந்த வலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

போவதற்கு முன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் ஆரம்பித்தது, எத்தனை மாதமாக இருக்கிறது, ராத்திரியில் கூடுகிறதா, எது பட்டால் வலிக்கிறது, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் 'நாள்பட்ட வலி' என்கிறது.

சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுவதும் முக்கியம். ரத்தச் சர்க்கரை, வைட்டமின் பி-12, தைராய்டு ஆகியவற்றை டாக்டர் பார்க்கச் சொல்லலாம். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், முட்டை, மீன், இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் பி-12 குறைய வாய்ப்புண்டு. மதுப்பழக்கம், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் நரம்பைப் பாதிக்கும். மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு நிமிட டெஸ்ட்!

சர்க்கரைநோய் உள்ள அப்பா, அம்மாவுக்குப் பிள்ளைகளே செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஒன்று இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவாக்கப்பட்டது. கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்று அல்லது இரண்டு விநாடிகள் இலேசாகத் தொடுங்கள். அழுத்தவோ, தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் 'வலது', 'இடது' என்று சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது தொடுதலைப் பார்க்கும் டெஸ்ட். அதாவது தடித்த இழைகளுக்கானது. ஆறும் தெரிந்தாலும் எரிச்சல் இருந்தால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.

சூடு - குளிர் டெஸ்ட்டை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் கால் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது, வெறுங்காலுடன் வெயிலில் நடப்பது எல்லாமே உணர்வு குறைந்த பாதத்துக்கு ஆபத்து. தோல் வெந்தது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். குளிக்கும் தண்ணீரின் சூட்டைக்கூட உணர்வு சரியாக உள்ள வேறொருவர் பார்த்துச் சொல்வது நல்லது.

முகமோ கையோ காலோ ஒரு பக்கம் மட்டும் திடீரென மரத்துப்போவது, கால்களில் பலவீனம் வேகமாக மேலேறுவது, முதுகுவலியுடன் பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழப்பது... இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெஸ்ட்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

முதல் மருந்து, நம்பிக்கை!

வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், வலிக்கான தன் விளக்கத்தை 1979-க்குப் பிறகு 2020-ல்தான் திருத்தி எழுதியது. அதனுடன் சேர்த்த குறிப்புகளில் ஒன்று, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்கிறது. அதற்கு ஸ்கேனோ ரிப்போர்ட்டோ முன்நிபந்தனை அல்ல.

பரிசோதனைகள் வலி எந்த வழியில் வருகிறது என்று கண்டுபிடிக்க. வலி இருக்கிறதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. எனவே, வீட்டில் யாராவது 'எரியுது' என்றால், "இன்னுமா வலிக்குது?" என்று கேட்காதீர்கள். "எங்கே, எப்படி வலிக்குது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை ஒரு காகிதத்தில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.